புள்ளி மூன்று விழுக்காடும் மனச்சான்றும்

நூற்றுக்கு 0.3 என்னும் ஒரு சிற்றளவைப் பற்றி இம்மாதம் சிந்திக்க விழைகிறோம். மருந்துக் கடைத் தராசில் மட்டுமே பொருள் தரக்கூடிய அளவு போல் இது தோன்றும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2018-ஆம் ஆண்டு முதல் இவ்வெண்ணை நம்பி ஒரு பெரும் வணிகம் எழுந்தது, வழக்குகள் எழுந்தன, அவற்றினும் நமக்கு முதன்மையான ஓர் அறநெறிக் கேள்வியும் எழுந்தது. சட்டம் தடுக்காத ஒரு பொருளை வாங்கவும் உண்ணவும் மனச்சான்று தானாகவே இசைவு தந்துவிடுகிறதா என்பதே அக்கேள்வி. நம் பங்குகளில் மகனையோ மகளையோ அந்நாட்டுக்கு அனுப்பாத தெரு இன்று அரிது. ஆகவே இது தொலைதூரச் செய்தி அன்று.

அங்கே 'ஹெம்ப்' என்று வழங்கும் செடியை நம் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் 'சணல்' என்று எழுதிவிடுகின்றனர். சாக்குப் பை தைக்கும் நம் சணல் வேறு, இது வேறு. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். இனத்தால் வேறுபாடு இல்லை. மயக்கம் தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் (சுருக்கமாக டி.எச்.சி.) என்னும் பொருள் அதில் குறைவாக இருக்கும். நாருக்காகவும் விதைக்காகவும் பல நூற்றாண்டுகள் அதைப் பயிரிட்டிருக்கின்றனர். 1970-ஆம் ஆண்டின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்விரு வகையையும் பிரித்துப் பாராமல், செடியை அடியோடு தடைப் பட்டியலில் வைத்தது. 2018 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான வேளாண்மைச் சட்டமே இரண்டையும் பிரித்தது. உலர் எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத செடியும், அதிலிருந்து பெறும் எல்லாச் சாறுகளும் வழிப்பொருள்களும் ஹெம்ப் ஆகும், அவை தடைப் பட்டியலில் சேரா என்று அச்சட்டம் வரையறுத்தது.

இந்த 0.3 எங்கிருந்து வந்தது? 1976-ஆம் ஆண்டில் எர்னஸ்டு ஸ்மால் என்னும் கனடா நாட்டுத் தாவரவியலாரும், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞரும் கஞ்சாச் செடியை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டனர். மயக்கம் மிகுந்த வகையையும் குறைந்த வகையையும் பிரிக்க எங்கேனும் ஒரு கோடு வேண்டியிருந்தது, அவர்கள் 0.3-இல் கிழித்தார்கள். இது நாமே வசதிக்காகக் கிழித்த கோடு என்று அவர்கள் மறைக்கவும் இல்லை. உலர்ந்த இலைகளை ஆய்வுக்கூடத்தில் வகை பிரிப்பதற்கான கோடு அது. அதைத் தின்பண்டத்துக்கு அளவுகோலாக்குவார்கள் என்று அவ்விருவரும் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதுவே நடந்தது. இதைச் சற்று நின்று விளக்க வேண்டும். ஏனெனில் அறநெறிக் கேள்வி முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது. சட்டம் சொன்னது விழுக்காடு, மில்லிகிராம் அன்று. உலர்ந்த இலையில் 0.3 விழுக்காடு அற்பமே. ஆனால் நான்கு கிராம் எடையுள்ள ஒரு ஜெல்லி மிட்டாயில் 0.3 விழுக்காடு என்பது 12 மில்லிகிராம். பழக்கமில்லாத ஒருவர் தலை சுற்றிப் படுத்துக்கொள்ள அது தாராளமாகப் போதும். 355 கிராம் பானம் கொண்ட ஒரு தகரக் குவளையில் அதே விகிதப்படி 1,000 மில்லிகிராமுக்கு மேல் கலந்தாலும் எண் மீறப்படாது. வணிகர்கள் அவ்வளவு கலக்கவில்லை; ஐந்து, பத்து மில்லிகிராம் என்று அளந்தே கலந்தனர். எனினும் எடை கூடக் கூட எல்லையும் விரிகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். சர்க்கரையும் நீரும் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதின என்று சொல்லலாம்.

அடுத்தது டெல்டா-8. 2018-க்குப் பின் உழவர்கள் பெருவாரியாக ஹெம்ப் பயிரிட்டனர். அதிலிருந்து எடுக்கும் சி.பி.டி. என்னும் மயக்கம் தராத பொருள் சந்தையில் தேங்கி விலை சரிந்தது. அந்தத் தேக்கத்தை அமிலத்தோடு சேர்த்து வேதிமாற்றம் செய்தால் டெல்டா-8 டி.எச்.சி. கிடைக்கிறது. செடியில் இது மிகச் சிறிதளவே உண்டு. ஆய்வுக்கூடத்தில் எவ்வளவும் செய்யலாம். டெல்டா-9 அளவுக்கு இல்லாவிட்டாலும் மயக்கம் தருவது. சட்டமோ டெல்டா-9 ஒன்றையே பெயர் சொல்லி எல்லையிட்டிருந்தது. மூன்றாவது, பூ. பச்சைப் பூவில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது. நெருப்புப் பட்டதும் அது டெல்டா-9 ஆக மாறிவிடுகிறது. அறுவடைக்கு முன் வயலில் செய்யும் சோதனையில் இம்மாற்றத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று வேளாண் துறையின் விதி கூறியது. ஆனால் கடைக்கு வந்த பொருளுக்கு அத்தகைய சோதனையை நடுவண் சட்டம் விதிக்கவில்லை. எனவே பையில் இருக்கும் வரை ஹெம்ப், பற்ற வைத்த பின் கஞ்சா என்னும் விந்தையான பொருள் எரிபொருள் நிலையங்களின் கடைகளில் விலைக்கு வந்தது. வாங்குவோருக்கு வயது வரம்பைக்கூட அந்தச் சட்டம் குறிப்பிடவில்லை. மாநிலங்கள் சில பின்னாளில் தாமாக விதித்துக்கொண்டன.

பங்கு மக்களில் ஒருவர் இதைப் பற்றி நம்மிடம் கேட்டார். "சாமி, கடையிலே அடுக்கி வச்சு விக்கிறான், வரி போட்டு ரசீது குடுக்கிறான். அரசாங்கமே விட்டிருக்கிறதைச் சாப்பிட்டா எப்படிப் பாவம்னு பையன் கேக்கிறான். எனக்குப் பதில் வரலை." மகன் கெட்டவன் அல்லன், ஞாயிறு பூசையை விடாதவன் என்றும் சொன்னார். அவர் சொன்ன 'ரசீது' என்னும் சொல் நம் மனத்தில் தங்கிவிட்டது. மகனுடைய வாதம் முழுவதும் அந்தத் தாளில் நிற்கிறது. அதை ஏளனம் செய்து தள்ளுவது நேர்மையாகாது. சட்டத்தை மதிக்க வேண்டும் என்று அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமே. சட்டத்தை மதித்தே நடந்தேன் என்று அவன் சொல்லும்போது, நாம் வேறு ஏதோ சொல்கிறோம் என்றால், அந்த வேறு எது என்று நாம் விளக்கியாக வேண்டும்.

முதலில் அவன் பக்கம் உள்ள வலுவை ஒப்புக்கொள்வோம். மனிதச் சட்டம் தீமைகள் அனைத்தையும் தடைசெய்ய வேண்டுமா என்று புனித தோமா அக்குவினாஸ் வினவி, வேண்டியதில்லை என்று விடை தருகிறார். நற்பண்பில் நிறைவு பெறாத பலருக்காகவே சட்டம் இயற்றப்படுகிறது. ஆகவே பெரும்பாலோரால் விலக்க இயலும் கொடிய குற்றங்களையே, சிறப்பாகப் பிறரைத் துன்புறுத்தும் குற்றங்களையே அது தடைசெய்யும் என்பது அவர் கருத்து. பொறாமையையும் சோம்பலையும் எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்வதில்லை. இவ்வாறு, சட்டம் தடுக்காததைச் செய்பவன் சட்டத்தை மீறியவன் அல்லன் என்பது உறுதி. மகன் குற்றவாளி அல்லன். 2022 மே மாதத்தில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே கூறிற்று. ஹெம்பிலிருந்து பெற்ற டெல்டா-8 சட்டத்தின் சொற்களுக்குள் அடங்குகிறது. அறியாமல் ஓர் ஓட்டையை விட்டுவிட்டார்கள் என்றால் அதை அடைப்பது பேரவையின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அன்று என்றது அத்தீர்ப்பு. நீதிபதிக்கு இது சரியான வழி. சொல்லில் இல்லாததைச் சேர்த்து ஒருவரைத் தண்டிக்கும் நீதிமன்றம் எல்லாருக்கும் ஆபத்து.

ஆனால் நீதிபதியின் கேள்வி ஒன்று. மனச்சான்றின் கேள்வி மற்றொன்று. அக்குவினாஸின் அதே வாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சட்டம் எல்லாத் தீமையையும் தடுக்க எண்ணியதே இல்லை என்றால், சட்டத்தின் மௌனத்திலிருந்து ஒரு பொருள் நல்லது என்று முடிவு கட்ட இயலாது. தன்னால் சொல்ல முடியாததை அது சொல்லாமல் விட்டிருக்கிறது; அவ்வளவே. ரசீது உண்மையைத்தான் சொல்கிறது: பணம் பெறப்பட்டது, வரி செலுத்தப்பட்டது. அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களும் தங்களுக்கு எல்லாம் அனுமதிக்கப்பட்டவை என்று முழங்கிக் கொண்டிருந்தனர். புனித பவுல் அம்முழக்கத்தை மறுத்து வாதாடவில்லை; அனுமதி உண்டா என்னும் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு, இது பயன் தருமா, இது என்னை அடிமை கொள்ளுமா என்று வேறு இரண்டு கேள்விகளை வைத்தார். ஜெல்லி மிட்டாய்ப் பையின் முன் நிற்கும் இளைஞனுக்கும் அவ்விரண்டு போதும்.

இங்கே நம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நடுவுநிலை ஆகாது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு இனிப்பு உண்ணும் கலையை அமெரிக்க வணிகர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நோன்பு நாளில் நீர்மப் பொருள் நோன்பை முறிக்காது என்பது பழைய விதி. புதிய உலகிலிருந்து சாக்லேட் ஐரோப்பாவுக்கு வந்தபோது அது குடிப்பதற்கான பானமாகவே வந்தது. குடித்தால் பசியும் அடங்குகிறது. பானமாகையால் நோன்பும் முறியவில்லை! 1636-இல் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ என்பவர் மத்ரித் நகரில் இக்கேள்வி ஒன்றுக்காகவே ஒரு நூல் வெளியிட்டார். 1664-இல் கர்தினால் பிரங்காச்சியோ சாக்லேட் பானம் நோன்பை முறிக்காது என்று எழுதினார். மறையியல் அறிஞர்கள் அணி பிரிந்து வாதிட்டனர். குருமடத்தில் இதைப் படித்தபோது வகுப்பே சிரித்தது. ஆனால் சிரித்து முடித்தபின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோன்பு எதற்காக என்று கேட்டவர் ஒரு பக்கம். நோன்பின் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டவர் மறுபக்கம். இருவரும் ஒரே விதியைத்தான் படித்தார்கள். ஒருவர் கடமையை அறியப் படித்தார். மற்றவர் கடமை தீரும் இடத்தை அறியப் படித்தார்.

உரோமைச் சட்ட அறிஞர் பவுலுஸ் இரண்டாமவரின் செயலுக்கு ஒரு வரையறை தந்திருக்கிறார். சட்டம் விலக்கியதைச் செய்பவர் சட்டத்துக்கு எதிராகச் செய்கிறார். சட்டத்தின் சொல்லைக் காத்துக்கொண்டே அதன் கருத்தைச் சுற்றிப் போகிறவர் சட்டத்தை வஞ்சிக்கிறார் என்பது அவர் பிரித்துக் காட்டிய வேறுபாடு. இதற்கு நேர் எதிரான நற்பண்பு ஒன்றை அக்குவினாஸ் பேசுகிறார்: சட்டத்தின் சொல்லைப் பின்பற்றினால் அதன் நோக்கமே கெடும் என்னும் வேளையில் சொல்லை விட்டு நோக்கத்தைக் காப்பது. இறையியல் மாணவர் இதை 'எப்பிக்கேயா' என்று படிப்பர். அதிலே சொல் இறந்து கருத்து பிழைக்கிறது. டெல்டா-8 வணிகத்தில் சொல் பிழைத்துக் கருத்து இறந்தது.

வணிகர்கள் மறுப்பார்கள், மறுப்பில் நியாயமும் உண்டு. கருத்து என்ன என்று எவருக்குத் தெரியும்? வழிப்பொருள்கள், சாறுகள் என எல்லாவற்றையும் விரிவாக எழுதியது பேரவைதானே? புகையிலை விவசாயம் தளர்ந்த கென்டக்கி மாநிலத்தின் உழவர்களுக்கு வேறு பயிர் வேண்டும் என்று செனட்டர் மிச் மக்கானல் முன்னின்று நிறைவேற்றிய சட்டம் அது. நாரும் விதையும் சி.பி.டி.யும் அன்றைய பேச்சாக இருந்தன. ஆனாலும் எழுதியவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தில் 2022 ஜூலை முதல், ஒரு வேளைக்கு 5 மில்லிகிராமும் ஒரு பொட்டலத்துக்கு 50 மில்லிகிராமும் கொண்ட தின்பண்டங்கள் சட்டப்படி விற்பனைக்கு வந்தன. அதற்கு வாக்களித்த உறுப்பினர் ஒருவர், இவ்வளவுக்கு வழி திறக்கிறோம் என்று தமக்குத் தெரியாது எனப் பின்னர்ச் சொன்னதாகச் செய்தி வந்தது. சட்டம் இயற்றுவோரின் கவனக்குறைவும் ஓர் அறநெறிக் குறையே. அதைக் கண்டிக்காமல் கடைக்காரரை மட்டும் கடிந்துகொள்வது எளிது. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. அனுமதிக்கப்பட்ட பயிர் என்று நம்பிக் கடன் வாங்கி விதைத்த உழவரையும் வஞ்சகர் பட்டியலில் சேர்க்க மாட்டோம்.

இனி, மகன் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம். அது கடினமான கேள்வி. நற்கருணைப் பலியில் திராட்சை இரசம் உண்டு; கானாவூர்த் திருமணத்தில் இரசம் குறைந்தபோது நம் ஆண்டவர் நிரப்பித் தந்தார். மிதமாகக் குடிப்பது பாவம் அன்று, வெறிதான் பாவம் என்பது திருச்சபையின் படிப்பினை. அப்படியாயின் ஐந்து மில்லிகிராம் பானம் ஒரு கோப்பை இரசத்துக்கு ஒப்பாகாதா? 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி, 2291-ஆம் எண்ணில், உண்மையான மருத்துவக் காரணமின்றிப் போதைப்பொருளைப் பயன்படுத்துவது கடுமையான குற்றம் என்று கூறுகிறது. அதுவே போதும் என்று நிறுத்திவிடலாம். ஆனால் 'ஏன்' என்று கேட்பவனுக்கு எண்ணைக் காட்டி அனுப்பினால், ரசீதுக்கு எதிராக நாம் இன்னொரு ரசீதைக் காட்டியதாகவே முடியும்.

எனவே காரணத்தைப் பார்ப்போம். குடிவெறியைப் பற்றிப் பேசும் அக்குவினாஸ் அறிவை முன்னே வைக்கிறார். பானம் வலிமையானது என்று அறியாமல் குடித்து மயங்கியவரிடம் பாவம் இல்லை. அறிந்தும், மயங்குவதைத் தேர்ந்துகொண்டு குடித்தவரிடம் பாவம் உண்டு. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் உண்மை, மிதம் என்னும் பண்புக்கு அளவைப் பற்றிய அறிவு தேவை என்பது. திராட்சை இரசத்தைப் பற்றி மனித இனத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு அறிவு உண்டு. ஒரு கோப்பை என்ன செய்யும், மூன்று என்ன செய்யும் என்பது பாட்டிக்கும் தெரியும். நேற்று ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு வேதிப்பொருளைப் பற்றி அத்தகைய அறிவு எவரிடம் இருக்கிறது? மேலும், தின்ற டி.எச்.சி. உடனே தன்னைக் காட்டுவதில்லை. அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவதைத் தின்கிறார். அதன்பின் இரண்டும் சேர்ந்து வருகின்றன. இந்நிலையில் மிதமாக இருக்கிறேன் என்று ஒருவர் சொல்வது இருட்டில் வண்டியோட்டிக்கொண்டு மெதுவாகத்தான் போகிறேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். இரசத்தை ஒருவர் சுவைக்காகவும் விருந்துக்காகவும் குடித்து, தெளிவோடு எழுந்துபோக முடியும். இப்பொருளிலோ தேடப்படுவது பெரும்பாலும் அந்தத் தெளிவு குலைவதைத்தான். சிறிதளவு கலந்த பானம் விருந்தில் இரசத்தின் இடத்தைப் பெற முயல்வதை நாம் அறிவோம். அதிலே ஒப்புமை முற்றும் பொய் என்று சொல்லவும் நமக்குத் துணிவில்லை. ஆனால் ஒப்புமையை நாடுகிறவர் அதன் மறுபாதியையும் ஏற்க வேண்டும். குடியால் நம் ஊர்களில் எத்தனை வீடுகள் தாலியையும் தட்டுமுட்டுச் சாமானையும் இழந்தன என்பதைக் கண்டவர்கள், 'சாராயத்தைப் போன்றதே' என்பதை ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தின்பவர் ஒருவரே பாதிக்கப்படுகிறார் என்பதும் உண்மை அன்று. 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி முடிய டெல்டா-8 தொடர்பாக அமெரிக்க நச்சுக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2,362 என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்டது. அவற்றில் 41 விழுக்காட்டினர் 18 வயது நிரம்பாதவர்கள். தெரியாமல் உட்கொண்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பத்தில் எட்டுப் பேர் சிறுவர்கள். பொட்டலம் பிள்ளைகளின் மிட்டாய்ப் பொட்டலம் போல இருக்கிறது. பிள்ளை அதை மிட்டாய் என்றே எடுத்துத் தின்கிறது. பெயர் பெற்ற நொறுக்குத் தீனிகளின் உறைகளை அப்படியே ஒத்த பைகளில் விற்ற நிறுவனங்கள் ஆறினுக்கு 2023 ஜூலையில் அரசு எச்சரிக்கை மடல் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த உறையை வடிவமைத்தவர் விழுக்காட்டுக் கணக்கில் ஒரு பிழையும் செய்யாதவராக இருக்கலாம்.

வலியில் துடிப்பவர்களைப் பற்றி ஒரு சொல். மருத்துவத் தேவை என்னும் வாயிலைத் திருச்சபை மூடவில்லை. டி.எச்.சி.யின் மருந்து வடிவம் ஒன்று 1985-இலேயே அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. கடுமையான வலிப்பு நோய்க்கான சி.பி.டி. மருந்து 2018-இல் ஒப்புதல் பெற்றது. இவை மருத்துவர் அளந்து தருபவை. எரிபொருள் நிலையத்து மிட்டாய் மருந்தின் பெயரைக் கடன் வாங்கலாம். மருந்தின் பொறுப்பைக் கடன் வாங்க முடியாது. எனினும் தூக்கமற்ற இரவுகளால் களைத்து, நல்லெண்ணத்தோடு அதை வாங்கிய முதியவரைப் பார்த்து நாம் விரல் நீட்ட மாட்டோம். மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள் என்போம்.

இவ்வளவும் நடந்த பின் சட்டம் விழித்துக்கொண்டது. கலிபோர்னியாவில் 2024 செப்டம்பரில் அவசர விதியால் தடை வந்தது. டெக்சாசில் 2025-இல் சட்டமன்றம் தடை செய்ய, ஆளுநர் ஜூன் 22 அன்று அதை நிராகரித்து, பின் செப்டம்பரில் 21 வயது வரம்பைக் கொண்டுவரும் ஆணை பிறப்பித்தார். கடைசியாக, 43 நாள் அரசுப் பணி முடக்கத்தை முடித்து வைத்து 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான செலவினச் சட்டத்துக்குள் ஹெம்ப் பற்றிய புதிய வரையறையும் சேர்க்கப்பட்டது. இனி டெல்டா-9 மட்டுமன்று, அமில வடிவம் உட்பட டி.எச்.சி. அனைத்தும் கணக்கில் வரும். ஆய்வுக்கூடத்தில் உருமாற்றியவை விலக்கப்படும். விற்பனைக்கு வரும் ஒரு பொட்டலம் முழுவதிலும் 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. பத்து மில்லிகிராம் கொண்ட ஒற்றை மிட்டாய் இவ்வெல்லையைப் போல் 25 மடங்கு. இதற்கு முன்னின்றவரும் அதே மக்கானல்தான். அதே கென்டக்கியின் மற்றொரு செனட்டர் ரேண்ட் பால் உழவர்களுக்காக எதிர்த்தார். அவர் கொண்டுவந்த திருத்தம் 76-க்கு 24 என்னும் வாக்குகளால் ஒதுக்கி வைக்கப்பட்டது. கையெழுத்தான நாளிலிருந்து ஓராண்டு கழித்து, அதாவது 2026 நவம்பர் 12 அன்று நடைமுறைக்கு வரும் என்று அச்சட்டத்தில் எழுதினர்.

இந்த ஓராண்டு அவகாசத்தை நாம் ஓர் அறநெறிப் பாடக் கணக்காகவே காண்கிறோம். நவம்பர் 11 அன்று மாலை ஒருவன் ஒரு மிட்டாயைத் தின்கிறான். மறுநாள் மாலை அதே பையிலிருந்து இன்னொன்றை எடுக்கிறான். பை அதுவே, சர்க்கரை அதுவே, மயக்கமும் அதுவே. நேற்றுப் பாவமில்லாதது இன்று பாவமாகுமா?

ஒரு வகையில் ஆகும். நீதியான அதிகாரம் பொது நலனுக்காக விதித்ததை மதிப்பது நம் கடமை. சாலையின் இடப்புறமாகச் செல்வது தன்னளவில் புனிதம் அன்று, எனினும் விதித்தபின் அதை மீறுவது பிறர் உயிரோடு விளையாடுவது. சட்டம் ஐயத்துக்குரியதாக இருந்தவரை அது கட்டுப்படுத்தாது என்று வாதிட இடம் இருந்தது. புனித அல்போன்ஸ் லிகோரியார் உட்படப் பேரறிஞர்கள் ஆய்ந்த கொள்கை அது. ஐயம் நீங்கியபின் அவ்விடம் இல்லை. ஆனால் இதற்கு முன்பே இருந்த கேள்வி நவம்பர் 12-க்காகக் காத்திருக்கவில்லை. ஆண்டவர் தந்த அறிவைக் காரணமின்றிக் கலைத்துக்கொள்வது, அளவு அறியாத ஒன்றை உடலுக்குள் விடுவது, பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் மிட்டாய் வடிவில் அதை வைப்பது ஆகியவை 11-ஆம் நாளும் அப்படியே இருந்தன. ரசீதை மட்டும் நம்பியிருந்தவனிடம் 12-ஆம் நாள் காலையில் சொல்ல ஒரு பதிலும் இராது. தன் நடத்தைக்கு அவன் வைத்திருந்த ஒரே காரணத்தைப் பேரவை திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். தொடக்கத்திலேயே பவுலடியாரின் இரு கேள்விகளையும் கேட்டுக்கொண்டவனுக்கு அந்தக் காலை மற்றொரு காலையே.

நம் நாட்டிலும் இதன் உடன்பிறப்பு உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்றால் பூக்கும் நுனி என்று வரையறுத்து, நுனியோடு சேராத இலையையும் விதையையும் விட்டுவிட்டது. ஆகவே வடநாட்டுச் சில நகரங்களில் இலையை அரைத்த பாங்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கிறது. சொல் விட்ட இடத்தில் வணிகம் வந்து உட்கார்வது எங்கும் ஒன்றுதான். ஆனால் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருள் அதே சட்டத்தின் பட்டியலில் தனியே பெயர் சொல்லி இடம் பெற்றிருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் 0.3 கணக்கு அங்கே இல்லை. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அம்மாவின் மூட்டுவலிக்கு என்று பெட்டியில் இத்தகைய மிட்டாய்களைக் கொண்டுவர நினைத்தால், வேண்டாம் என்று பெற்றோர் இப்போதே சொல்லிவிட வேண்டும். விமான நிலையச் சுங்க அதிகாரி அந்த ரசீதைக் கேட்கப் போவதில்லை.